குருந்தம் கொரண்டம் ஆன கதை

சாணைச் சக்கரத்தில் அரிவாள் தீட்டும்போது பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃகையே தேய்த்துவிடும் அளவுக்கு வலிமை கொண்ட கல் எது?

வேதியியல் நூல்கள் அதைக் ‘கொரண்டம்’ என்கின்றன. இது அலுமினிய ஆக்சைடின் படிக வடிவம். இரண்டு அலுமினிய அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் என்ற கணக்கில் இறுகப் பிணைந்தது. மோஸ் என்பவரின் கடின அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 9. நம் கருங்கல்லில் மின்னும் குவார்ட்சுக்கோ 7 தான்!

‘கொரண்டம்’ என்பது லத்தீன் சொல் போல ஒலிக்கிறதல்லவா? ஆனால் அது தமிழ்நாட்டிலிருந்து போன சொல்! ‘குருந்தம்’, ‘குருந்தக்கல்’ என்பவையே இக்கல்லுக்கு நம் பெயர்கள். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டின் பழைய தொழில். பழைய சேலம் மாவட்டத்தில் இக்கல் கிடைத்தது. சிங்காரப்பேட்டையும் ஓசூரும் அன்று அந்த மாவட்டத்து ஊர்களே. இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தத்தைக் காணலாம்.

18-ஆம் நூற்றாண்டில் கல் கப்பலேறியது. பெயரும் கூடவே போயிற்று. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் இக்கல்லைப் பற்றி எழுதினார். 1802-இல் அதே இதழில் போர்னோன் என்ற அறிஞர் ஒரு வியப்பான செய்தியை விளக்கினார். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வகைகளே!

ஆம், சிறிதளவு குரோமியம் கலந்தால் அது சிவப்பு மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். மாணிக்கத்தை நாம் ‘கெம்பு’ என்றும் சொல்கிறோம். கன்னடம் அறிந்த எல்லைப்புற மாணவர்களுக்கு அதன் பொருள் சிவப்பு என்பது தெரிந்திருக்கும். சமஸ்கிருதத்தில் மாணிக்கத்துக்குக் ‘குருவிந்தம்’ என்று ஒரு பெயர் உண்டு. அது குருந்தத்தின் உறவுச் சொல். சாணைக்கல்லும் மணிக்கல்லும் பெயரால் உறவு, வேதியியலாலும் உறவு!

இன்று தொழிற்சாலைகளுக்கான குருந்தத்தை, பாக்சைட் தாதுவை மின் உலையில் 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கிச் செய்கிறார்கள். இயந்திர உறுப்புகளைத் துல்லியமாகத் தேய்க்கும் சக்கரங்கள் பல இதனால் ஆனவை.

அறிவியல் சொல் என்றாலே அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணி விடாதீர்கள். உழைப்பவர் பட்டறையில் புழங்கிய ஒரு சொல்லை உலக அறிவியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை வேற்றுச் சொல்லாக மனப்பாடம் செய்வானேன்? விடைத்தாளில் ‘குருந்தம்’ என்றே எழுதுங்கள். அது நம் வீட்டுப் பிள்ளை!