வேட்டிக் கரையில் ஒரு வெள்ளைக் கோடு

மதுரை கோச்சடையில் மேலக்கால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில், வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். பெட்டிக்குள் கரி கனிந்துகொண்டிருக்க, வண்டிக்காரர் தண்ணீர் தெளித்து வேட்டியை நாலாக மடிப்பார். மடித்த வேட்டிகளை ஒரே அடுக்கில் வைக்க மாட்டார். இடது பக்கம் ஓர் அடுக்கு, வலது பக்கம் ஓர் அடுக்கு. இடது அடுக்கின் கரை கறுப்பும் சிவப்பும். வலது அடுக்கில் அந்தக் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடும்.

“எதுக்குண்ணே ரெண்டு அடுக்கு?”

“ஒரு தடவ மாத்திக் குடுத்துட்டேன்ணே. பிரிச்சுப் பாத்தவரு அப்படியே திண்ணையில போட்டுட்டாரு. கையால எடுத்துத் தரமாட்டேன்னுட்டாரு. நான்தான் போயி எடுத்துட்டு வந்தேன். அது வேற யாரு வேட்டியும் இல்ல, அவரு சொந்தத் தம்பி வேட்டிதான்.”

விரல் அகலம்கூட வராத அந்த வெள்ளைக் கோட்டுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், 17-ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. அதற்கு முந்தைய மாதம் வரை ஒரே கொடியைத் தூக்கியவர்கள், ஒரே மேடைக்குக் கீற்று கட்டியவர்கள், இரண்டாகப் பிரிந்தார்கள். ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளாகப் பெயர் மாறின. கொடியிலும் அதே கறுப்பு, அதே சிவப்பு. புதிய கொடியில் அண்ணா உருவம் கூடுதலாக வந்து சேர்ந்தது. அடுத்த மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார்.

கொள்கையில் என்ன வித்தியாசம் என்று தேடினால் கை வெறுமனேதான் திரும்பும். 1968-இல் அண்ணா கொண்டுவந்த இருமொழிக் கொள்கையை இரண்டு கட்சியும் காத்தன. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989-இல் கருணாநிதி முட்டை வைத்தார். 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு 1993-இல் சட்டம் போட்டது ஜெயலலிதா. அதைத் தொட்டால் தி.மு.க.வும் பொங்கும். ஒருவர் 2006-இல் கலர் டி.வி. தருவதாகச் சொன்னால், இன்னொருவர் 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றார். பிறகு எதற்கு அந்த வேட்டியைத் தொடக்கூடாது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரசியல் ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்கார் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் அமெரிக்காவை முன்வைத்துக் கேட்டார். 2012-இல் இரு சகாக்களோடு அவர் எழுதிய கட்டுரையின் சாரம்: கட்சிப் பகைக்குக் கொள்கை வேறுபாடு முக்கியக் காரணமில்லை, இது உணர்வுப் பிளவு. அங்கே வாக்காளர்களிடம் ஒரு கற்பனை வெப்பமானியைக் கொடுப்பார்கள். ஒரு கட்சியை நினைத்தால் மனம் எத்தனை டிகிரி காட்டுகிறது? பூஜ்யம் என்றால் உறைபனி, நூறு என்றால் உருக்கம். சொந்தக் கட்சிக்குப் பல பத்தாண்டுகளாக எழுபதை ஒட்டித்தான் காட்டியது. எதிர்க்கட்சிக்குக் காட்டியது மட்டும் 1970-களில் ஐம்பதை ஒட்டி இருந்து, 2020-இல் இருபதருகே சரிந்துவிட்டது. பாசம் கூடவில்லை, வெறுப்புதான் கூடியிருக்கிறது.

இதற்கு விதை எங்கே இருக்கிறது என்று பார்க்க, எம்.ஜி.ஆர். கட்சி தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டு முன்னால் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த சோதனைக்குப் போக வேண்டும். அதை நடத்திய உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்டவர். அவர் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களுக்குத் திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டார். பிறகு, நீ கூடச் சொல்கிற கோஷ்டி, நீ குறையச் சொல்கிற கோஷ்டி என்று பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிப்பு குருட்டாம்போக்கில் செய்தது. தன் கோஷ்டியில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதும் பையன்களுக்குத் தெரியாது. அடுத்து, கோஷ்டி மட்டும் தெரிந்த, முகம் தெரியாத இருவருக்குக் காசு பங்கிடச் சொன்னார்கள். இதே வரிசையில் அடுத்து நடந்த சோதனையில், நம் கோஷ்டிப் பையனுக்கு 19, அடுத்த கோஷ்டிக்காரனுக்கு 25 என்று ஒரு கோடியில் இருந்தது. நம்மவனுக்கு 7, அவனுக்கு 1 என்று மறுகோடியில். இரண்டுக்கும் நடுவே பல படிகள். நம்மவனுக்கு அதிகம் வேண்டுமென்றால் 19-ஐ எடுக்க வேண்டியதுதானே? அந்தப் பக்கம் போகவில்லை பையன்கள். நம்மவன் பங்கு குறைந்தாலும் சரி, அவனைவிட ஒரு படி மேலே நின்றால் போதும் என்று கீழே இறங்கி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இரண்டு கண்ணும் போக வேண்டுமென்று தனக்கு ஒரு கண்ணைக் கேட்டவன் கதையை நம்மூர்ப் பாட்டிகள் எந்த ஆய்வகமும் இல்லாமலே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

புள்ளியை எண்ணியதற்கே இந்தப் பாடு என்றால், தொண்டனுக்கு உறவுப் பெயரே வைத்துவிட்ட கட்சிகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அண்ணாவுக்குத் தொண்டன் ‘தம்பி’. கருணாநிதிக்கு ‘உடன்பிறப்பு’. எம்.ஜி.ஆருக்கு ‘ரத்தத்தின் ரத்தம்’. கட்சியை விட்டுப் போகிறவன் கருத்தை மாற்றிக்கொண்டவனாகத் தெரிய மாட்டான், கூடப் பிறந்தவர்களைக் கைவிட்டவனாகத்தான் தெரிவான். ‘நாங்க பரம்பரை தி.மு.க.’ என்று சொல்லும்போது குரலில் வருவது குலப்பெருமையே. 1980-களின் நடுவில் மதுரையில் தங்கி ரசிகர் மன்றங்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, அந்த ஏழை இளைஞர்களுக்கு மன்றம் ஓர் அடையாளமாகவும் தெருவில் மதிப்பாகவும் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

அடையாளம் ஒட்டிக்கொண்டால் கண்ணும் அதன்வழியே பார்க்கும். உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஒரு மக்கள் நலத் திட்டத்தைக் கொடுத்தார். தாராளமான திட்டமோ கறாரான திட்டமோ, தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று போட்டிருந்தால் சரி என்றார்கள். கேட்டால், கட்சிக்காக இல்லை, திட்டத்தைப் படித்துத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். இதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. கருணாநிதி ஆட்சியில், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-இல் இங்கே அண்ணா நகரில்தான் திறந்தது. 2001-இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கவனிப்பாரற்றுப் போனது. 2006-இல் மறுபடி தூசு தட்டினார்கள். கத்தரிக்காய்க்குக் கட்சி கிடையாது. திறந்துவைத்தவருக்கு உண்டு.

சரியான தகவலைக் கொடுத்தால் தெளிந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு பீகாரிலிருந்து ஒரு கசப்பு மருந்து. 2019 தேர்தல் சமயத்தில் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் அங்கே 1,224 பேரிடம் சோதனை செய்தார். வீடு தேடிப் போய், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் பாடம். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. பா.ஜ.க. ஆதரவாளர்களோ, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் பாடத்துக்குப் பிறகு இன்னும் பின்தங்கினார்கள். வேறு கட்சி ஆதரவாளர் யோக்கியர் என்று இதற்கு அர்த்தமில்லை. சோதனை நடந்தது அங்கே, அப்போது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பிள்ளை எதிர்க்கட்சி வீட்டில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவேன் என்றவர்கள் 1960-இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010-இல் குடியரசுக் கட்சியினரில் கிட்டத்தட்டப் பாதி, ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். நம் ஞாயிற்றுக்கிழமை ‘மணமகள் தேவை’ விளம்பரங்களில் சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், நிறம் எல்லாம் இருக்கும். கட்சியைக் கேட்டு நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. காரணத்தை லிலியானா மேசன் என்ற ஆய்வாளரின் வாதத்தை வைத்து ஊகிக்கலாம். கட்சி, மதம், இனம், வசிக்கும் இடம் எல்லாம் ஒரே கோட்டில் அடுக்கப்படும்போதுதான் பகை முற்றுகிறது என்கிறார் அவர். இங்கே ஒரு தொகுதியில் செல்வாக்குள்ள சாதி எதுவோ, அதிலிருந்தே இரண்டு கட்சியும் ஆளை நிறுத்தும். சமத்துவத்துக்காகச் செய்கிற காரியமில்லை அது, ஓட்டுக் கணக்கு. ஆனாலும் சாதிக் கோடும் கட்சிக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் போகிறது. ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. கோச்சடை முத்தையா சாமி கோயிலில் இரண்டு கரைவேட்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். மச்சான் முறைக்காரர்களுக்குள் கட்சிச் சண்டை பெரும்பாலும் கேலியாகக் கரைந்துவிடும், கேலி அந்த உறவின் உரிமை. பங்காளிகளுக்குள் வந்தால்தான் வரப்புத் தகராறும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இதே மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே கொன்ற கோடு சாதி. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சியாக அறிவித்த பிறகு முறையான தேர்தல் நடத்த 2006 வரை ஆனது. வேட்டியைத் திண்ணையில் போட்ட அண்ணன், அந்தத் தம்பிக்குப் பெண் பார்க்கும்போது எந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார் என்று கோச்சடையில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

2025 ஆகஸ்ட் 21-இல் மதுரை பாரபத்தியில் நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் தன் இரண்டாவது மாநில மாநாட்டை நடத்தியது. மறுபடியும் மன்றங்கள் கிளைகளாகின்றன. வண்டிக்காரரிடம் கேட்டேன், மூன்றாவதாக ஓர் அடுக்கு வேண்டியிருக்குமே என்று.

“எங்கண்ணே? அவங்கெல்லாம் டி-ஷர்ட்டு. இஸ்திரிக்கே வர்றதில்ல.”