அரிவாள் வேண்டாம், மடக்கு ரம்பம் போதும்! மிளகுத் தோட்டம் முதல் வீட்டு முருங்கை வரை... கிளை வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

நாமக்கல் மாவட்டம், ராசிபுரத்தை அடுத்த முள்ளுக்குறிச்சி, கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பாதை எல்லோருக்கும் தெரியும். முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ஒரு பாதை இருக்கிறது. கீழே மரவள்ளியும் மஞ்சளும் விளையும் வயல்கள். ஏற ஏறக் காற்று குளிர்ந்து, மிளகும் காபியும் பலாவும் வாழையும் கண்ணில் படத் தொடங்கும்.

மேலே போனால், நெடுநெடுவென்று வளர்ந்த சில்வர் ஓக் மரங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம்தான் இங்கே மிளகுக் கொடிக்குக் கொம்பு, காபிச் செடிக்குக் குடை. அந்தக் குடை அளவோடு விரிந்திருக்க வேண்டும். அடர்ந்துவிட்டால் மிளகுக்கு வெளிச்சம் போதாது. ஒரேயடியாக மொட்டையடித்தால் காபிக்கு ஆபத்து. அரபிகா காபியைத் துளைத்துக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் நேரடியாக விழும் செடிகளைத்தான் தேடி வந்து முட்டையிடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்பு நிழலைச் சீர்செய்வது மலைத்தோட்டங்களில் முக்கியமான வேலை. எந்தக் கிளை போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதில் அடுத்த வெள்ளாமை அடங்கியிருக்கிறது.

இந்த வேலைக்குக் காலங்காலமாகக் கை கொடுத்தது அரிவாள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மடித்தால் பைக்குள் அடங்கி, விரித்தால் கை கனமுள்ள கிளையை அறுத்துவிடும் மடக்கு ரம்பம். மலைக்கு டென்ட் போட வரும் இளைஞர்களின் முதுகுப் பையிலும் இது இருக்கிறது. மாடித்தோட்டமும் கொல்லையில் நாலு மரமும் வைத்திருப்பவர்களும் வாங்குகிறார்கள். ஆனால், வாங்கியவர்களில் பலருக்கு இதைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு அறுக்கத் தெரிவதில்லை.

அரிவாளுக்கும் ரம்பத்துக்கும் என்ன வித்தியாசம்?

அரிவாள் வீச்சில் வெட்டுகிறது. வீசுவதற்கு இடம் வேண்டும், நிற்பதற்குக் காலடி உறுதியாக இருக்க வேண்டும். மரத்தின் மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வீசும்போது இரண்டுமே சரியாக அமைவதில்லை. வெட்டு தவறினால் கொடி போகும், சில சமயம் விரலும் போகும். வெட்டுவாயும் சிதைந்து, தண்ணீர் தேங்கும் பிளவாக நின்றுவிடும்.

ரம்பத்துக்கு வீச்சு தேவையில்லை. மடக்கு ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பற்கள் கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதாவது, தள்ளும்போது அறுக்காது, இழுக்கும்போதுதான் அறுக்கும். ஜப்பானியத் தச்சர்களின் ரம்பமும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்பதால் மடங்காது. அதனால் தகட்டை மெல்லியதாகச் செய்யலாம். தகடு மெலிந்தால் அறுக்க வேண்டிய மரத்தூளும் குறையும், கை வலியும் குறையும்.

இது தெரியாமல் தள்ளும்போது பலம் கொடுப்பவர்கள்தான் முதல் வாரமே தகட்டை வளைத்துவிடுகிறார்கள். இழுக்கும்போது லேசான அழுத்தம், தள்ளும்போது அழுத்தமே இல்லை. இந்த ரம்பத்தைப் பழக இது ஒன்று போதும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் ரூபாய் வரை விலை போகிறது. விலையைவிட மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, பூட்டு. விரித்ததும் தகடு 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பின் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அறுக்கும்போது ரம்பம் மடங்கினால் அது விழும் இடம் உங்கள் விரல்தான். மடித்து வைக்கும்போதும் பூட்டு நிற்கிறதா என்று பாருங்கள். பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும் ரம்பம் ஆபத்து.

இரண்டாவது, நீளம். அறுக்க நினைக்கும் கிளையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தகடு நீண்டிருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் தகடு என்றால் 8, 9 சென்டிமீட்டர் கிளை வரை சரி. அதற்கு மேல் போனால் ரம்பம் நடுவில் சிக்கும்.

மூன்றாவது, பல். பச்சை மரத்துக்குப் பெரிய பற்கள் வேண்டும், ஈரத் தூள் அடைக்காமல் வெளியே வரும். காய்ந்த விறகுக்கு நெருக்கமான பற்கள் நல்லது. பல் முனை மட்டும் கருநீலமாக இருந்தால், அது மின்சாரச் சூட்டில் கடினமாக்கப்பட்டது. நெடுநாள் கூர்மை நிற்கும். ஆனால், அரம் போட்டுத் தீட்ட முடியாது. மழுங்கினால் தகட்டைத்தான் மாற்ற வேண்டும். மாற்றுத் தகடு கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வெட்டு முறை

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பாதி அறுபடும்போதே கிளை தன் எடையால் முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயம் வழியாகத்தான் பூஞ்சையும் துளைப்பானும் உள்ளே போகும்.

இதைத் தவிர்க்க மூன்று வெட்டுகள் போதும்.

1. அடிமரத்திலிருந்து சுமார் ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்வாசி அறுக்க வேண்டும்.

2. அதிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெளியே தள்ளி, மேலிருந்து கீழாக அறுக்க வேண்டும். கிளை விழும். பட்டை உரிவது முதல் வெட்டோடு நின்றுவிடும்.

3. மிச்சமிருக்கும் கட்டையை அடிமரத்துக்குப் பக்கத்தில் அறுத்து எடுக்க வேண்டும்.

மூன்றாவது வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டி போலச் சற்றே தடித்த வளையம் தெரியும். அந்த வளையத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி, அழுகலை அதற்குள்ளேயே அடைத்துவிடுகிறது. அந்தச் சுவரை எழுப்பும் வேலை நடப்பது கழுத்துப்பட்டிப் பகுதியில். அழகாக இருக்கட்டும் என்று மரத்தோடு சமமாகச் செதுக்கினால் அந்தச் சுவர் போகும். நீளமாகக் கட்டை விட்டால் அது காய்ந்து, அழுகலுக்கு வாசலாகும்.

பெரிய வெட்டுவாய்களில் போர்டோ பசை பூசும் பழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துக் கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. வெட்டு தவறாக விழுந்திருந்தால் எந்தப் பசையும் அதைச் சரிசெய்யாது.

மிளகு மரத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். கிளை நேராக விழுந்தால் கொடியைக் கிழித்துக்கொண்டு போகும். சில ஆண்டுகள் வளர்த்த கொடி ஒரு நொடியில் தரைக்கு வந்துவிடும். கிளையைக் கயிற்றில் கட்டி, மேல் கவட்டையில் போட்டு, மெதுவாக இறக்குவதே பாதுகாப்பு.

வீட்டு மரங்களுக்கு எப்போது கவாத்து?

முருங்கை: பி.கே.எம்-1 போன்ற செடிமுருங்கையில் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வெட்டிவிட்டால் புதுக்கிளைகள் வந்து மறுபடி காய்க்கும். மரமுருங்கை என்றாலும் ஏறி வெட்டாதீர்கள். முருங்கைக் கிளை சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

கொய்யா: புதுத்தளிரில்தான் பூ வரும். அறுவடைக்குப் பிறகு நுனிக் கிளைகளை அளவாக வெட்டினால் காய்ப்பு கூடும்.

மா: அறுவடை முடிந்ததும் காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, உள்நோக்கி வளர்பவை ஆகியவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

பலா: பால் தகட்டில் ஒட்டும். பலாப்பழம் நறுக்கக் கத்தியில் எண்ணெய் தடவுவோமே, அதே போல் ரம்பத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொடங்குங்கள். ஒட்டியதை மண்ணெண்ணெயில் துடைக்கலாம்.

நோயுற்ற மரத்தை அறுத்த ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டு போகாதீர்கள். நோயும் கூடவே போகும்.

டென்ட் போடப் போகிறவர்களுக்கு...

ரம்பம் பையில் இருப்பதாலேயே காட்டில் கை வைக்க உரிமை வந்துவிடாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும், மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும் குற்றம். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி தேவை. இதற்கான சட்டம் தமிழ்நாட்டில் 1955-லிருந்தே இருக்கிறது. கவாத்தைத் தாண்டி மரத்தையே எடுப்பதாக இருந்தால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்கள் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோடையில் மலைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். அனுமதி பெற்ற தனியார் முகாம்களில், உரிமையாளர் காட்டும் இடத்தில், கீழே விழுந்து காய்ந்த விறகை மட்டும் அறுத்துக்கொள்ளுங்கள். என்ன மரம் என்று தெரியாததைத் தொடாதீர்கள். சேங்கொட்டைப் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கள்ளிப் பால் கண்ணைக் கெடுக்கும், அரளி விறகின் புகையே நஞ்சு. கிளம்பும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே நகர வேண்டும்.

விமானத்தில் போகிறவர்கள் ரம்பத்தைக் கைப்பையில் வைக்க முடியாது. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

காயம் வராமல் இருக்க...

பெரும்பாலான வெட்டுக்காயம் முதல் இழுப்பில்தான் படுகிறது. பல் பிடிமானம் கிடைக்காமல் துள்ளி, கிளையைப் பிடித்திருக்கும் கையில் விழும். அந்தக் கை வெட்டும் இடத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். அதில் கையுறையும் இருக்கட்டும். கைப்பிடிக்கு அருகிலுள்ள பற்களால் மெதுவாக இரண்டு இழுப்பு இழுத்துத் தடம் போட்ட பிறகு வேகம் கொடுங்கள். தலைக்கு மேல் அறுக்கும்போது கண்ணாடி அவசியம்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் ரம்பத்தையே எடுக்காதீர்கள். அலுமினிய ஏணியும், ரம்பம் கட்டிய நீளக் கம்பும் கம்பியில் பட்டால் உயிரே போகும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொன்னால் போதும்.

வெட்டுப்பட்டுவிட்டால் காபித்தூளை அப்பும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். ரம்பக் காயம் கத்திக் காயத்தைப் போல நேராக இருக்காது, சதையைக் கிழித்திருக்கும். ஆழமாக இருந்தால் தையலும் டி.டி. ஊசியும் தேவைப்படலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வேலை முடிந்ததும் தகட்டைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, மடித்துப் பூட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு நாள் அண்ணாந்து உங்கள் வீட்டு மரத்தைப் பாருங்கள். காய்ந்த கிளை ஒன்று கூரைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தால், அதை இறக்க வேண்டிய நேரம் அதுதான்.