கெட்டமைன்: மயக்க மருந்தின் பயனும் கேடும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அத்தகைய ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்து, தொழிலாளி ஒருவரின் கால் கல்லின் கீழ் அகப்பட்டுக்கொண்டால் அவரை வெளிக்கொணர்வது எளிதன்று. வலியோ தாங்கவொண்ணாதது. வலுவான மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு தளரும். மூச்சை நடத்தும் கருவிகளை அவ்விடத்திற்குக் கொண்டு செல்வதும் அரிது. வலியை நீக்கி, மூச்சை அதன் போக்கில் விட்டுவைக்கும் மருந்தே இத்தகைய இடத்திற்கு ஏற்றது. கெட்டமைன் பெரும்பாலும் இவ்விலக்கணத்திற்குப் பொருந்துவதாகும். விபத்துக் களத்திலும், போதிய கருவிகளற்ற சிற்றூர் மருத்துவமனையிலும் இன்று உலகெங்கும் இது கையாளப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இதற்கு நெடுங்காலமாக இடமுண்டு.

இதற்கு முன்னோடியாக விளங்கியது பென்சைக்ளிடின் என்னும் மருந்து. அதனைப் பெற்ற நோயாளிகளுள் பலர் விழித்தெழும்போது பிதற்றலும் வெறியும் கொண்டமையால், 1965ஆம் ஆண்டில் மனித சிகிச்சைக்கான ஆய்வுகளிலிருந்து அது கைவிடப்பட்டது. அதனினும் மென்மையான ஒன்றைத் தேடியபோது, 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் கெட்டமைனை ஆக்கினார். 1964இல் எட்வர்ட் டொமினோ, குந்தர் கார்சென் ஆகிய இருவரும் மிச்சிகன் மாநிலச் சிறையொன்றில் இசைந்து முன்வந்தவர்களுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தனர். கண் திறந்திருந்தது, ஆயினும் ஆள் அங்கில்லாதவர் போலக் கிடந்தார். உடலுக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பு அறுந்தது போன்ற இந்நிலைக்குப் பொருத்தமான பெயரை டொமினோவின் மனைவியாரே கூறினார். தமிழில் இதனைத் ‘தொடர்பறு மயக்கம்’ எனலாம்.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படும் பொருள்களுள் குளூட்டமேட் தலையாயது. அதனை ஏற்கும் வாயில்களுள் ஒரு வகையைக் கெட்டமைன் அடைத்துவிடுகிறது. எனவே, புண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் செய்திகள் ஒன்றுகூடி, ‘இது என் உடல், இது என் வலி’ என்னும் அறிவாக உருப்பெறுவதில்லை. தெளியும் வேளையில் சிலர் விபரீதக் கனவுகளும் பொய்த் தோற்றங்களும் காண்பர். ஓசையற்ற அறையும் முன்கூட்டியே கூறப்பட்ட ஆறுதல் மொழியும் அந்த அச்சத்தை வெகுவாகக் குறைக்கின்றன என்பது மயக்கவியல் மருத்துவரின் அனுபவம்.

நோயாளிக்கு அச்சம் தரும் இதே நிலையை வேறு சிலர் விரும்பித் தேடுகின்றனர். கவலை, தனிமை, பழைய துயரம் ஆகியவற்றினின்றும் சிறிது நேரம் விலகி நிற்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. அளவு மிகும்போது அசையவும் பேசவும் இயலாமல், அடியற்ற குழிக்குள் இறங்குவது போன்ற நிலை உண்டாகும். தொடர்ந்து பயன்படுத்தினால் நினைவாற்றல் குன்றும். முன்பு போதிய அளவு பின்பு போதாமற்போகும்.

ஆயினும் இதன் கொடிய விளைவு மூளையில் அன்று, சிறுநீர்ப்பையிலேயே வெளிப்படுகிறது. 2007ஆம் ஆண்டில் கனடாவிலும் ஹாங்காங்கிலும் மருத்துவர்கள் இதனை விவரித்தனர். மருந்தும் அதன் சிதைபொருள்களும் சிறுநீரில் கலந்து சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. சுவர் தடித்துப் பை சுருங்குகிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்தல், எரிச்சல், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம் ஆகியன அறிகுறிகள். கிருமித் தொற்றெனக் கருதிக் கொடுக்கப்படும் மருந்தால் குணம் காணாது. சோதனையில் கிருமியும் பெரும்பாலும் தென்படாது. இவ்வலியை உடனே தணிப்பதும் கெட்டமைனே. நோயை உண்டாக்கியதே நோய்க்கு மருந்தாகத் தோன்றுவதால், விட விரும்புகிறவரும் மீண்டும் அதனையே நாடுகிறார். இதனை மனவுறுதியின்மை என்று ஏசுவோர் இந்தச் சுழலை அறியாதவர். முற்றும் நிறுத்தினால் தொடக்க நிலையில் பலருக்கு நோய் தணிகிறது. காலந்தாழ்த்தினால் அறுவை சிகிச்சைவரை செல்ல நேரும்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபின், அவ்வூர் மக்களுள் மிகப் பலர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் நாள்தோறும் பெங்களூருக்குப் பிழைப்பிற்காகச் சென்று வருகின்றனர். பெருநகரின் இரவு விருந்துகளில் புழங்கும் பொருள்களை அங்கே தங்கிப் பணிபுரியும் இளைஞர் எதிர்ப்பட நேரலாம். ஆதலின் இவ்வறிவு தங்கவயலின் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் வேண்டியதே. வகுப்பிலிருந்து அடிக்கடி எழுந்து செல்லும் மாணவனைக் குறும்பனென்று முடிவு கட்டலாகாது. நீரிழிவு முதலிய வேறு காரணங்களும் இருக்கக்கூடுமாதலால், குற்றவாளியென்று ஐயுறுதலும் தகாது. தனியே அழைத்து, ‘உடம்பிற்கு ஏதேனும் தொல்லையா, தம்பி?’ என்று வினவுதல் போதிய தொடக்கமாகும்.

மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும். நீர்நிலை, மாடி, சாலை ஆகியவற்றின் அருகே தனியே விடலாகாது. உரத்த குரலும் கூட்டமும் கலக்கத்தை மிகுவிக்கும். மூச்சு தளர்ந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ 108க்கு உடனே அறிவித்து, உட்கொண்டது இன்னதென மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். மதுவோ தூக்க மாத்திரையோ கலந்திருப்பின் அபாயம் பன்மடங்காகும்.

அபின் வகைப் பழக்கத்திற்கு மாற்று மருந்துகள் உள்ளன. கெட்டமைனுக்கு அத்தகைய மாற்று இன்னும் இல்லை. நிறுத்தியபின் ஏக்கம், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியன தோன்றும். உரையாடல் வழியான மனநல சிகிச்சையும் சிறுநீர்ப்பை வலிக்கு முறையான மருத்துவமும் ஒருங்கே நடைபெறுதல் வேண்டும். வலியைத் தணிக்காமல் பழக்கத்தை மட்டும் நிறுத்த முயல்வது பெரும்பாலும் தோல்வியுறும். உயிர்மீது வெறுப்பு உண்டா என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை; ஆதலின் தயங்காது கேட்கலாம். மீண்டும் ஒருமுறை வழுவினால் சிகிச்சை வீணாயிற்று என்று குடும்பத்தார் கைவிடலாகாது.

கெட்டமைன் 2011இல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சி மருத்துவரை நாடாதோர் பலர். அச்சட்டத்தின் 64ஏ பிரிவோ, பழக்கத்திற்கு ஆளானவர் சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு பற்றிய குற்றச்சாட்டிற்கு உள்ளாயிருப்பின், அரசு ஏற்ற நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்று முடிப்பாராயின் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் போதைப் பழக்க மருத்துவத்திற்கெனத் தனி மையம் உள்ளது. மாரிக்குப்பத்து இரயிலில் சென்று அன்றே திரும்பலாம். செல்ல இயலாதவர் 14446 என்னும் தேசிய உதவி எண்ணிலும், மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.