அசையும் பொருள்கள் – 9: வெளிச்சம் எட்டாத ஆறு மைக்ரோமீட்டர்

4.5 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம், 7 மைக்ரோமீட்டர் தடிமன். 2003-இல் டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் டொமிக்கி இக்கேடாவும் அவரது குழுவினரும் 'நேச்சர்' இதழில் காட்டிய பாலிமர் படலத்தின் அளவு இவ்வளவுதான். அதன்மேல் 366 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஒளி வரும் பக்கமாகவே வளைந்து எழுகிறது. 540 நானோமீட்டருக்கு மேற்பட்ட, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டினால் மறுபடி படுத்துவிடுகிறது. கம்பி இல்லை, பேட்டரி இல்லை, பல்சக்கரம் இல்லை.

சென்ற வாரம் பார்த்த திரவப் படிகம்தான் இதற்கும் அடிப்படை. டி.வி. திரையில் ஓடித் திரியும் குச்சி மூலக்கூறுகள், இங்கே பாலிமர் வலையில் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றின் நடுவே அசோபென்சீன். இதுவும் நேரான குச்சிதான். ஆனால் புறஊதாக் கதிர் பட்டால் இடுப்பு ஒடிந்ததுபோல் மடங்கும். ஏறத்தாழ 0.9 நானோமீட்டர் நீளம் 0.55 ஆகக் குறைந்துவிடும். மடங்கிய இந்த வடிவத்தை 1937-இலேயே ஹார்ட்லி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கண்டு எழுதிவிட்டார். நேராக நிற்கும் வரிசையில் மடங்கிய குச்சிகள் பெருகினால் வரிசையே குலையும். வரிசை குலைந்தால், குச்சிகள் நின்ற திசையில் வலை மொத்தமும் சுருங்கும்.

சுருங்கும், சரி. வளைவது ஏன்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அசோபென்சீன் புறஊதா ஒளியை அப்படியே விழுங்கிவிடும். விழும் ஒளியில் 99 சதவீதத்துக்கு மேல், மேலேயுள்ள முதல் 1 மைக்ரோமீட்டருக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. கீழே இருக்கும் ஆறு மைக்ரோமீட்டருக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. மேல்தோல் மட்டும் சுருங்க, அடிப்பாகம் பழைய நீளத்திலேயே நிற்க, படலத்துக்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை. வெயிலில் போட்ட அப்பளம் மேல்பக்கம் முதலில் காய்ந்து ஓரம் தூக்கிக்கொள்வதும் இதே கணக்குதான். ஒளி அடிவரை ஒரே சீராக ஊடுருவியிருந்தால் படலம் சற்றே குறுகியிருக்கும், அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எந்தத் திசையில் வளைய வேண்டும் என்பதையும் ஒளியே சொல்கிறது. இக்கேடாவின் படலத்தில் குச்சிகள் சின்னச் சின்னக் கூட்டங்களாக, கூட்டத்துக்கு ஒரு திசை பார்த்து நிற்கின்றன. முனைவாக்கப்பட்ட ஒளியை அனுப்பினால், அந்த ஒளி அதிரும் திசைக்கு இணையாக நிற்கும் கூட்டங்களே அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஒளியின் முனைவாக்கத் திசையைத் திருப்பினால் வளைவின் திசையும் கூடவே திரும்புகிறது.

2008-இல் அதே குழு இத்தகைய பாலிமரை ஒரு பிளாஸ்டிக் பெல்ட்டின்மேல் ஒட்டி, இரண்டு கப்பிகளில் மாட்டி, ஒரு பக்கம் புறஊதா ஒளியும் மறுபக்கம் சாதாரண ஒளியும் அடித்துச் சுழலவிட்டது. அழகான வேலை. ஆனாலும் சுருக்க ஒரு விளக்கு, நீட்ட ஒரு விளக்கு என்று இரண்டு தேவைப்பட்டன.

ஒரே விளக்கை அணைக்காமல், அசைக்காமல் வைத்துக்கொண்டு ஒரு பொருளை ஓயாமல் நகர்த்த முடியுமா? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அன் எலென் கெலபார், டிக் புரூயர் குழுவினர் 2017-இல் அதைச் செய்து காட்டினார்கள். நிழலைத்தான் துணைக்கு அழைத்தார்கள். படலத்தின் இரண்டு முனைகளையும், அதன் நீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் பொருத்தினார்கள். நடுவில் ஒரு மேடு எழும்பியது. சாய்வாக ஒளி பாய்ச்சினார்கள். ஒளி படும் சரிவு உருமாறித் தாழ்கிறது. முனைகள் பிடிபட்டிருப்பதால் மேடு பக்கத்தில் தள்ளிப்போகிறது. அந்த மேட்டின் நிழலில் விழுந்த பகுதி, ஒளி இல்லாததால் சட்டெனப் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. இதற்கென்றே வேகமாக மீளும் அசோபென்சீன் வகைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மீண்ட இடத்தில் மறுபடி ஒளி, மறுபடி மேடு, மறுபடி நிழல். விளக்கு எரியும்வரை படலத்தில் அலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

படலத்தை ஒரு சிறு சட்டத்தில் பொருத்தியபோது, பேப்பர் கிளிப் அளவிலான அந்தக் கருவி கம்பளிப்புழு மாதிரி ஊர்ந்தது. வேகம் நொடிக்குச் சுமார் அரை சென்டிமீட்டர். தன்னைவிடப் பெரிய, கனமான பொருளையும் ஏற்றமான பாதையில் மேலே கொண்டு சென்றது. படலத்தின் மேல்பக்கத்தைக் கீழாகப் புரட்டிப் போட்டால் அலை எதிர்த்திசையில் ஓடும்.

படலத்தின்மேல் கொட்டிய மணலை அந்த அலையே தள்ளி அகற்றியது. தூசி படியும் சூரியத் தகடுகளுக்கு உதவும் என்று குழுவினரே சொல்கிறார்கள். நியாயமான ஆசை, ஆனால் தூரம் இருக்கிறது. ஆய்வகத்தின் செறிவான ஒளியில் ஓடுவதும், வருடக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்து ஓடுவதும் ஒன்றல்ல. விழும் ஒளியில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அசைவாக மாறுவது சொற்பம். அந்தச் சொற்பத்தைக் கூட்டுவதுதான் இத்துறையின் இன்றைய உழைப்பு.

அடுத்த வாரம், ஒளிக்குப் பதிலாக ஈரம் பட்டால் அசையும் படலங்கள்.

(தொடரும்)