அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பெட்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று அப்பாக்களாவது வந்துவிடுவார்கள். அக்கா 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவர். "பொண்ணை நர்சிங்ல சேர்க்கலாம்னு இருக்கோம். ஃபீஸ் எங்க கம்மி?" என்று கேட்பார்கள். அக்கா திருப்பி ஒன்று கேட்பார்: "அந்தக் காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கா? எத்தனை பெட்?" பெரும்பாலும் பதில் இருக்காது.

நர்சிங்கைக் கற்றுக்கொடுப்பது வார்டுதான். ஜிஎன்எம், பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் நிறுவனத்துக்கு 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்ற கணக்கு வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி வைத்திருப்பது அதனால்தான். நோயாளியைச் சரியாகப் பார்க்காமலே படித்து முடித்த பெண்ணுக்கு, முதல் ஐவி லைன் போடும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகத்தான் சீனியரும் டாக்டரும் நோயாளியின் மகனும் மாறி மாறித் திட்டுவார்கள்.

ஏஎன்எம் 2 வருடம், ஜிஎன்எம் டிப்ளமோ 3 வருடம், பி.எஸ்சி. டிகிரி 4 வருடம். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மார்க் இருந்தால் முதலில் அரசு கவுன்சலிங்கில் விண்ணப்பியுங்கள். வீட்டில் பண நெருக்கடி என்றால் ஜிஎன்எம் முடித்து, வேலைக்குப் போய், பிறகு 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேரலாம். அக்கா வந்த வழி அதுதான். கற்பிக்கும் வேலையில் ஆசை இருக்கிற பெண் நேராக பி.எஸ்சி. சேர்ந்து, எம்.எஸ்சி.யும் முடிப்பது நல்லது.

ஜிஎன்எம், பி.எஸ்சி. என்ற இந்த வித்தியாசம் வார்டுக்குள் பெரிய சண்டையாகிவிடுகிறது. பதினைந்து வருட அனுபவமுள்ள ஜிஎன்எம் சிஸ்டருக்கு, புதிதாக வந்த பி.எஸ்சி. பெண் கேள்வி கேட்டால் கோபம் வரும். அந்தப் பெண்ணுக்கோ, "டிகிரி படிச்ச எனக்கு இவங்க சொல்றதா?" என்று இருக்கும். உடனே டியூட்டி லிஸ்ட்டில் நைட் மேல் நைட் விழும். மாநில நர்சிங் கவுன்சிலில் இருவருமே பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற பேறுகாலத் தாதி என்றுதான் பதிவாகிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இரண்டு படிப்புக்கும் வேலை ஒன்றுதான். டியூட்டி லிஸ்ட்டில் அநியாயம் நடந்தால், மூன்று மாத லிஸ்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் தனியாகப் போய்ப் பேசச் சொல்வார் அக்கா. காபி குடிக்கிற இடத்தில் பேசினால் அது புறணியாகித்தான் அவர் காதுக்குப் போகும்.

டாக்டரோடு வரும் தகராறு வேறு மாதிரி. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவு இரண்டு மணி, ஒரு பெரியவருக்கு மூச்சுத்திணறல். டியூட்டி டாக்டர் போனிலேயே லேசிக்ஸ் போடச் சொன்னார். "சார், இருபதா நாற்பதா?" என்று அக்கா கேட்டதும் எரிந்து விழுந்தார். அக்கா விடவில்லை. "நாற்பது மில்லிகிராம், ஐவி. சரிதானே சார்?" என்று திருப்பிச் சொல்லி, "ம்" என்ற பிறகே மருந்தை எடுத்தார். போட்டதும் நோட்ஸில் எழுதினார்: மணி 2.10, போன் ஆர்டர், டாக்டர் பெயர், மருந்து, அளவு, திருப்பிச் சொல்லி உறுதிசெய்தது. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேட்டபோது, "நான் இருபதுதானே சொன்னேன்" என்றார் அந்த டாக்டர். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கேஸ் ஷீட்டைத் திருப்பி அவர் முன் வைத்தார். அன்று மதியமே டாக்டர் அந்த ஆர்டரின் கீழ் கையெழுத்துப் போட்டார்.

இப்படி எழுதும் பழக்கத்தை அக்காவுக்கு ஏற்படுத்தியவர், பயிற்சிக் காலத்தில் தினமும் நோட்ஸை வாங்கிப் பார்த்துத் திருத்திய ஒரு வார்டு சிஸ்டர்.

பொறுத்துப் போகவே கூடாத விஷயங்களும் உண்டு. நோயாளியின் உறவினர் கை நீட்டினால் 2008ஆம் வருடத் தமிழ்நாடு சட்டத்தின்படி அது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். பாலியல் தொல்லைக்கு 2013ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பள விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதுகூடக் கிடைக்காத பெண்கள் இன்னும் ராத்திரி முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் காலேஜின் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே பயிற்சியில் இருக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம், "உங்க நோட்ஸை யாரும்மா பார்த்துத் திருத்துறாங்க?" என்று கேளுங்கள்.