டிக்கெட்டில் அச்சான நேரத்தைக் கவனியுங்கள்

சென்னையிலிருந்து டில்லிக்கு வான்வழி நேர்த்தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் டிக்கெட்டில் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ போட்டிருக்கும். அது வெறும் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்ந்தது முதல், போய்ச் சேர்ந்த ஊரின் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரையிலான ‘பிளாக் டைம்’. ரன்வேக்கு ஊர்ந்து போவதும், இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பதும் அதில் அடக்கம். தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் வைத்துக்கொள்கின்றன.

பயணிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏயின் விதிகள் தூரத்தைப் பார்ப்பதில்லை. பிளாக் டைமைத்தான் பார்க்கின்றன. உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 என்பது இழப்பீடு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவென்றால் அதுதான் கிடைக்கும். டிக்கெட் பணம் தனி. சென்னை–மும்பை போன்ற ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில், அட்டவணையில் பத்து நிமிடம் கூடினாலோ குறைந்தாலோ இழப்பீட்டின் உச்சவரம்பே மாறிவிடும். தாமதத்துக்கும் இதே கதைதான். இரண்டரை மணி வரையிலான பயணம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவு தர வேண்டும். அதைத் தாண்டி ஐந்து மணி வரையிலான பயணத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கூட்டி வைத்த சில நிமிடங்களால் டில்லிப் பயணி ஒரு மணி நேரம் கூடுதலாகப் பசியோடு உட்காருகிறார்.

கூட்டி வைப்பது பயணிக்கும் நல்லதுதானே, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரலாமே என்பார்கள். நெரிசல் மிகுந்த டில்லியைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் தாமதத்தை அளக்கும் கோலை, தாமதம் செய்பவரே தயாரித்துக்கொள்வது சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இழப்பீட்டைத் தூரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் சென்னைக்கு விமானம் ஏறுகிறவருக்கும் அது பொருந்தும். தூரத்தை யாராலும் நீட்ட முடியாது என்பதால் அந்த முறையே மேல். வானிலை, பாதுகாப்புக் காரணங்கள் என்றால் இழப்பீடு இல்லை என்பது இங்குள்ள விதி. அதற்காக ரத்தான விமானத்தின் டிக்கெட் பணத்தை நிறுவனம் வைத்துக்கொள்ள முடியாது.

முன்பதிவின்போது ஏஜென்ட்டின் எண்ணைத் தராமல் உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். தொடர்பு விவரம் சரியாக இல்லாதவருக்கு இழப்பீடு கிடையாது. டிக்கெட், போர்டிங் பாஸ், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு அரசின் ஏர்சேவா புகார்த் தளம், அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும்.