சாட்டிலைட் இல்லாமல் வழி தெரியுமா?

வீட்டின் நடு அறையில் நின்றுகொண்டு மொபைல் போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி உங்களைத் தெருவில் நிறுத்தியிருக்கும். சில சமயம் பக்கத்து வீட்டு மாடியில்! ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. கான்கிரீட் தளமோ தகரக் கூரையோ குறுக்கிட்டால் தடுமாறிவிடும்.

ஒரு சிறிய ட்ரோனையும் நான்கு சக்கர ரோபோ ஒன்றையும் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் காலி குடோனில் நண்பர்களுடன் சோதித்துப் பார்த்தேன். ஏன் அங்கே? தோல் கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும். உள்ளே இறங்குபவர் சில மூச்சுகளிலேயே மயங்கி விழலாம். மனிதருக்குப் பதில் ஓர் இயந்திரம் உள்ளே போய் வர வேண்டுமென்றால், அது சாட்டிலைட்டை நம்பியிருக்க முடியாது.

முதல் வழி ஆக்சிலரோமீட்டர். வேகம் மாறுவதை அளந்து, அதிலிருந்து வேகத்தையும் பிறகு தூரத்தையும் கணக்கிடலாம். உங்கள் போனிலும் இது இருக்கிறது. பைபாக்ஸ் என்ற இலவச அப்ளிகேஷனைப் போட்டு, போனை மேஜைமேல் வையுங்கள். அசையாத போனிலும் எண்கள் துள்ளுவதைப் பார்ப்பீர்கள். தவறு விநாடிக்கு விநாடி 0.01 மீட்டர் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும் 10 விநாடியில் கணக்கு அரை மீட்டர் விலகும். ஒரு நிமிடத்தில்? 18 மீட்டர்!

ரோபோவில் சக்கரச் சுற்றுகளை எண்ணலாம். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ. நகரும். ஆனால் ஈரத் தரையில் சக்கரம் வழுக்கியது. 6 மீட்டர் போய்விட்டதாக ரோபோ சொன்னது. டேப் பிடித்து அளந்தால் 4 மீட்டர்கூட இல்லை.

எனவே கேமராவுக்கு வந்தோம். தரையிலுள்ள விரிசல், கறை போன்றவற்றை ஒரு படத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று சாப்ட்வேர் தேடும். விலகலை வைத்து நகர்ந்த தூரம் கிடைக்கும். இதன் பெயர் விஷுவல் ஓடோமெட்ரி. உங்கள் ஆப்டிகல் மவுஸும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. கண்ணாடி மேஜையில் அது திணறுவதைப் பார்த்திருப்பீர்களே!

செவ்வாய் கிரகத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. 2021 ஏப்ரல் 19-ல் அங்கே முதன்முதலாகப் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரும் கீழ்நோக்கிய கேமராவை நம்பியே பறந்தது. 5 முறைக்கென்று அனுப்பப்பட்டது, 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18-ல் இறங்கும்போது இறக்கைகள் சேதமடைந்தன. கீழே வெறும் மணல் அலைகள். அடையாளம் பிடிக்கப் போதிய கற்கள் இல்லாததே பெரும்பாலும் காரணம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் நாசா தெரிவித்தது.

குடோனில் புதிதாகச் சிமெண்ட் பூசிய பகுதிக்கு வந்ததும் எங்கள் ட்ரோனும் அப்படியே ஒதுங்கிப் போய்ச் சுவரில் மோதியது. பெருக்க வந்த ஆயா, "ஏன் தம்பி, ஒரு கோலம் போட்டா அதுக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம். புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால், ஒரு புள்ளியைப் பக்கத்துப் புள்ளியென்று சாப்ட்வேர் குழம்பியது. பிறகு சாக்பீஸால் கன்னாபின்னாவென்று கிறுக்கினோம். ட்ரோன் அசையாமல் நின்றது.

ஆனால் தொட்டிக்குள் கிறுக்குவதற்கு யாரையும் இறக்க முடியாது; வெளிச்சமும் இல்லை. லேசரால் சுவர்களைத் தடவிப் பார்க்கும் லைடாரை அடுத்து ரோபோவில் பொருத்தப் போகிறோம்.